கலந்தாச்சு

வெளியே மரம் அறுக்கும் செயின்சா ஒருமுறை இருமியது. அடுத்த இழுப்பில் அலறியது.

முன்னறையில் அழுதுகொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அம்மாவின் கையிலிருந்த டம்ளர் ஆடித் தண்ணீர் புடவையில் கொட்டியது. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. வாழ்நாளெல்லாம் அவர் காதுக்குப் பழகிய சத்தம் அது.

"தம்பி ஆரம்பிச்சுட்டான்மா," என்றாள் மகள், அம்மாவின் மடியைத் துடைத்துக்கொண்டே. "மரத்தை எடுத்துட்டா வண்டி உள்ள வந்துடும்."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

விடியும்போது அடித்த காற்றில் தெருமுனை மரம் வேரோடு சாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மதில் எழுப்பிய ஒடுக்கமான தெரு. உள்ளே வர அது ஒன்றுதான் வழி. மரத்துக்கு இந்தப் பக்கம் வீடும், வீட்டின் முன்பாதியில் அப்பாவின் மிஷின் ரிப்பேர் கடையும். அந்தப் பக்கம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அமரர் ஊர்தி. நகராட்சிக்குப் போன் போட்டால், "ஊர் முழுக்க மரம் விழுந்து கெடக்குங்க, சாயங்காலம் பாக்கலாம்" என்றார்கள். நாலு பேர் தூக்கி மரத்தைத் தாண்டிவிடலாமே என்று யாரோ சொல்ல, நேற்று இரவு பஸ் பிடித்து வந்திருந்த தம்பி பொங்கிவிட்டான்.

"ஊர்ல இருக்கற செயின்சா, புல்வெட்டி மிஷின் பூரா எங்கப்பா கைல உசிர் பொழைச்சது. அவரையே மரத்து மேல ஏத்தி எறக்கறதா? அவரு மிஷினாலயே நான் அறுக்கறேன்."

மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருப்பவன். இஸ்திரி போட்ட சட்டையும் தோல் பையுமாகவே இருந்துவிட்டவன். அப்பாவுக்காகக் கை அழுக்காகும்படி அவனாகக் கேட்டுச் செய்யும் வேலை இதுவரை இது ஒன்றுதான். யாரும் தடுக்கவில்லை.

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. திரைச்சீலை உள்ளே உப்பிக்கொண்டு ஆடியது. காற்று இந்தப் பக்கமாகத்தான் வருகிறது.

சத்தம் வருகிறது. வாசனை வரவில்லை.

இந்த மாதிரி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில்தான் பிஸ்டனை வழுக்கிக்கொண்டு ஓட வைக்கிறது. மிச்சம் எரிந்து நீலப் புகையாக வெளியே வருகிறது. அந்தப் புகை வாசனையில்தான் அவள் தவழ்ந்தாள், நடந்தாள், கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். வெறும் பெட்ரோலில் ஓடினால் அந்த வாசனை இருக்காது. சற்று நேரம் ஓடும். சூடேறும். பிறகு பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான், அந்த மிஷினையும் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

நேற்று அப்பா வைத்துவிட்டுப் போன கேன்!

செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"எங்கம்மா ஓடற?" என்று அத்தை கேட்டது பின்னால் தேய்ந்தது. கடையைத் தாண்டும்போது ஒரு பார்வை. பெஞ்சின் மேல் கேன் இல்லை.

தெருமுனையில் கூட்டம். கிளைகள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. தம்பி தலையைக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கை அளவு தடித்த கிளையில் ரம்பத்தை இறக்கிக்கொண்டிருந்தான். மரத்தூள் அவன் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

"நிறுத்துடா! டேய், நிறுத்து!"

கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிரே போய் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவன் நிமிரவில்லை. சத்தம் மெல்லியதாக, வறண்டு, மேலே மேலே ஏறியது. சங்கிலி கிளையைக் கடந்து வெளியே வந்த அந்த நொடியில் பக்கவாட்டில் பாய்ந்து, சுழன்றுகொண்டிருந்த ரம்பத்தின் பின்பிடியில் இருந்த சிவப்பு ஸ்விட்சைத் தட்டினாள்.

அலறல் அறுந்தது.

"பைத்தியமாக்கா உனக்கு?" தம்பியின் முகம் வெளுத்திருந்தது. "ஒரு இஞ்சு தள்ளியிருந்தா கை போயிருக்கும்!"

"அதுல ஆயில் இல்ல."

"என்ன?"

"கேன்ல. வெறும் பெட்ரோல்."

சொன்ன பிறகுதான் தன்னைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பழைய வாடிக்கையாளர்கள். தோட்ட வேலைக்காரர்கள். எல்லோருக்கும் முன்னால் தொப்பையைத் தள்ளிக்கொண்டு மரம்வெட்டும் காண்ட்ராக்டர். ஓரமாக, மதிலில் சாய்ந்தபடி, நெட்டை. அப்பாவிடம் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு மெயின் ரோட்டில் தனிக்கடை போட்டவன். ஆறடிக்கு மேல் இருப்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரை அவனே மறந்திருப்பான்.

"அதெப்படி?" என்றார் காண்ட்ராக்டர். "நேத்து சாயங்காலம் நான் கடைலேர்ந்து கெளம்பறேன். அண்ணன் இந்தக் கேனை மூடிட்டு, 'கலந்தாச்சு'ன்னு சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"மூடி மேல அளவுக் கப்பைக்கூடக் கவுத்து வெச்சிருந்துச்சே," என்றான் தம்பி. "வேலை முடிஞ்சா அப்படித்தானே வெப்பாரு?"

ஒரு வருஷமாக அவள் கட்டிக்காத்த ரகசியம் நடுத்தெருவில் வந்து நின்றது. போன மழைக்காலத்தில் ஒருநாள், விற்பனைக்கு அப்பா கலந்து வைத்த கேனைத் திறந்தபோது கண்ணில் பட்டது. கலந்த பெட்ரோல் ஆயிலின் நிறம் ஏறி நீலமாக இருக்க வேண்டும். அது வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தாள். காய்ந்த பிறகு எண்ணெய்க் கறை மிஞ்சவில்லை. சத்தம் காட்டாமல் ஆயிலை அளந்து ஊற்றிக் குலுக்கி வைத்தாள். அடுத்த வாரம் ஒரு கேனில் ஆயில் இரண்டு பங்கு இருந்தது. ஊற்றினோமா இல்லையா என்பது அவருக்கே மறந்துபோகிறது. வண்டிச் சாவியை, கண்ணாடியை, பேரப்பிள்ளையின் வயதைக்கூட மறந்தார். அதெல்லாம் பரவாயில்லை. 'கை தப்பாத ஆளு' என்று ஊரே சொல்கிற ஆள் கலவையை மறக்கலாமா? ஒரு மிஷின் சிக்கினால் போதும். மறுநாள் கடை வாசலில் காக்கைகூட வராது. அதைவிட, அது தெரிந்தால் அவர் முகம் என்ன ஆகும்?

அதனால் தினமும் அவர் "கலந்தாச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கைகழுவப் பின்பக்கம் போனதும், அவள் கல்லாவிலிருந்து எழுந்துவிடுவாள். கொஞ்ச மாதங்களாக ஒரே மாதிரிதான். கேனில் சுத்தமாக ஆயில் இருக்காது. அளவுக் கப் காய்ந்துபோய் மூடி மேல் கவிழ்ந்திருக்கும். பக்கத்திலேயே ஆயில் பாட்டில். எடுத்து வைத்துக்கொண்டு ஊற்ற மறந்துவிடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். நல்லவேளை, கை கழுவ அவருக்கு நெடுநேரம் ஆகும். வருவதற்கு முன் ஒரு இருமல் கேட்கும். அதற்குள் அவள் இடத்துக்குத் திரும்பிவிடுவாள்.

நேற்றும் அப்படித்தான். கப்பை நிமிர்த்தினாள். பாட்டிலைத் திறந்தாள். பின்பக்கம் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கொட்டிக்கொண்டே இருந்தது. இருமல் வரவில்லை. பாட்டிலை மூடிப் பெஞ்சுக்குக் கீழே தள்ளினாள். கை தன்னாலே கப்பைப் பழையபடி கவிழ்த்தது. ஓடினாள். அப்பா வாஷ்பேசினுக்குக் கீழே உட்கார்ந்த நிலையில் சுவரில் சாய்ந்திருந்தார். கைகளில் சோப்பு நுரை.

"சொல்லும்மா," என்றார் காண்ட்ராக்டர். "அண்ணன் கலந்தாரா, இல்லையா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நெட்டையும் மதிலிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தான்.

"அவரு சொன்னது வேற கேன்," என்றாள் மகள். "அது நேத்தே வித்துப்போச்சு. இது நான் கலக்க வேண்டியது. நான்தான் மறந்துட்டேன்."

எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள்.

"அதானே பாத்தேன்," என்றார் காண்ட்ராக்டர். "அண்ணனாவது, மறக்கறதாவது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவரு கை தப்பாது."

தம்பி ரம்பத்தைத் தரையில் வைத்தான். "இத்தனை வருஷமா கடைல உக்காந்திருக்க. ஒரு கேன் கலக்கத் தெரியலையா உனக்கு? அப்பா கைபட்ட மிஷின்க்கா இது. இன்னைக்குப் பாத்தா?"

"தப்புதான்டா."

"தப்புதான்னா ஆச்சா?" அவன் குரல் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊர்தி டிரைவர் எட்டிப் பார்த்தான். "சார், சீக்கிரம் பாருங்க. மயானத்துல குடுத்த நேரம் தாண்டிட்டா அடுத்த முறை எப்போன்னு எனக்குத் தெரியாது. எனக்கு இன்னொரு பார்ட்டி வேற காத்திருக்கு."

"அந்தப் பார்ட்டி எங்கயும் எழுந்து போயிட மாட்டாருப்பா, பொறு," என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ சிரித்துவிட்டு, இருமுவதாக மாற்றிக்கொண்டார்.

நெட்டை வந்து ரம்பத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக இழுத்தான். பாதியில் கயிறு தயங்கியது. உள்ளே மணலை அரைப்பதுபோல் ஒரு சின்னச் சத்தம்.

"போச்சா?" என்றான் தம்பி.

நெட்டை துணியைச் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரைக் கழற்றினான். அந்த ஓட்டை வழியாகச் செல்போன் வெளிச்சத்தை அடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு எழுந்து இடத்தை அவளுக்கு விட்டான். ஏன் தன்னிடம் என்று யோசிக்க நேரமில்லை. குனிந்து பார்த்தாள். பளபளத்த பிஸ்டனின் பக்கவாட்டில் முடி அளவுக்கு இரண்டு கீறல்கள்.

"லேசாத்தான் உரசியிருக்கு," என்றான் நெட்டை. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா தூக்கிப் போட வேண்டியதுதான். இப்ப ஒரு வேலைக்குத் தாங்கும். என்ன ஊத்தறோம்ங்கறதைப் பொறுத்து."

"ஓய், உன் கடைல ஒரு மிஷின் இருக்குமே, கொண்டு வாயேன்," என்றார் காண்ட்ராக்டர். "என்னோடது எல்லாம் சைட்டுக்குப் போயிடுச்சு."

"இருக்கறதெல்லாம் பிரிச்சுக் கெடக்கு. பூட்டறதுக்குள்ள இருட்டிடும்."

"எனக்கு வேற மிஷின் வேணாம்," என்றான் தம்பி. கடைக்குள் ஓடினான். திரும்பி வரும்போது கையில் ஒரு பாட்டில். "இதோ, டூ-ஸ்ட்ரோக் ஆயில். நீலமாத்தான் இருக்கு. ஊத்துங்க."

மகள் தூரத்திலேயே லேபிளைப் பார்த்தாள். படகு இன்ஜினுக்கான ஆயில். ஆற்றுப் பக்கத்து மீன்பிடிக்காரர்களுக்காக அப்பா தனித் தட்டில் வைத்திருப்பது.

வாயைத் திறக்கக் கூடாது. இப்போதுதான் மறதிக்காரி என்று தானே சொல்லியிருக்கிறாள். மறந்தவள் மறந்தவளாகவே இருந்தால்தான் அந்தப் பொய் நிற்கும்.

நெட்டை பாட்டிலை வாங்கினான். மூடியைத் திருகினான். ஒரு திருகு. இன்னொரு திருகு. அவளைப் பார்க்கவே இல்லை. ஆனால் வேலை பார்க்கும்போது அவன் இவ்வளவு மெதுவாக எதையும் திறந்து அவள் கண்டதில்லை.

"அது வேணாம்," என்றாள்.

"ஏன், இதுவும் ஆயில்தானே?" தம்பி சீறினான். "மறுபடி ஆரம்பிக்காதக்கா."

"படகு இன்ஜினைச் சுத்தித் தண்ணி ஓடும்டா. சூடே ஏறாது. அதுக்குச் செஞ்ச ஆயில் அது. இதுக்கு வெறும் காத்துதான். இந்தச் சூட்டுக்கு அது தாங்காது, பிசினாட்டம் ஒட்டிக்கும். ஏற்கெனவே கீறல் விழுந்த பிஸ்டன். ரெண்டு கிளை அறுக்கறதுக்குள்ள நின்னுடும்."

தம்பி நெட்டையைப் பார்த்தான்.

"அக்கா சொல்றது சரிதான்," என்றான் நெட்டை, மூடியைத் திரும்பத் திருகிக்கொண்டே. "அப்ப எதுங்க? கார் ஆயில் ஏதாச்சும்?"

அவனுக்குத் தெரியாதா? பத்து வருஷம் இதே கடையில் நின்றவன். அவள் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"அது இன்னும் மோசம். அடில தேங்கி நிக்கற இன்ஜினுக்கு உண்டான ஆயில். பெட்ரோலோட சேர்ந்து எரியாது. பிளக்குல கரி கட்டிக்கும்." நடந்துகொண்டே சொன்னாள். கடைக்குள் போய், பெஞ்சுக்குக் கீழே வலது மூலையில் இருந்த பாட்டிலைப் பார்க்காமலே எடுத்தாள். சுத்தமான சின்னக் கேன் ஒன்றையும் அளவுக் கப்பையும் எடுத்தாள்.

வெளியே வந்தபோது நெட்டை ரம்பத்தைச் சாய்த்து டேங்கிலிருந்த வெறும் பெட்ரோலை வடித்து முடித்திருந்தான். அவள் நீட்டிய கேனை வாங்கவில்லை.

"நீங்களே கலந்துடுங்க."

"நான் எதுக்கு? நீங்க கலந்துடுங்கண்ணே."

"என் கடைல நான் கலந்து விக்கறதில்ல. கை பழக்கம் விட்டுப்போச்சு."

"மறந்தவங்ககிட்டயே மறுபடியும் குடுக்கறியேய்யா," என்று முனகினார் காண்ட்ராக்டர். நெட்டை காதில் வாங்கவில்லை.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தம்பி கொண்டுவந்திருந்த பெரிய கேனிலிருந்து, சின்னக் கேனில் பாதிப் பெட்ரோலை அவள் முதலில் ஊற்றினாள். கப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி ஆயிலை அளந்தாள். இரண்டு லிட்டருக்கு நாற்பது மில்லி என்பது கடையின் வழக்கமான அளவு. நாற்பதில் நிறுத்தினாள். ஒரு நொடி யோசித்தாள். உரசிய பிஸ்டன், பெரிய மரம். இன்னொரு பத்து மில்லி விட்டாள். மூடிக் குலுக்கினாள். திறந்து மீதிப் பெட்ரோலை ஊற்றினாள். மறுபடி குலுக்கினாள். நீலம் மெல்லப் பரவியது. கப்பில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டுக்காகக் கேனின் வாயில் அதை இரண்டு தட்டுத் தட்டினாள்.

தட்டிய பிறகுதான் உறைத்தது. அது அப்பா தட்டுகிற தட்டு. தினமும் செய்கிறவள் கை மட்டும்தான் அப்படித் தட்டும்.

நெட்டை அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தை. பிளக்கைக் கழற்றினான். ஓட்டைக்குள் ஒரு சொட்டு ஆயில் விட்டு, கயிற்றை நாலைந்து தரம் மெல்ல இழுத்தான். மணல் சத்தம் தேய்ந்து மறைந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். டேங்க்கை நிரப்பினான். ரம்பத்தைத் தூக்கித் தம்பியிடம் நீட்டினான்.

"முடுக்கி விரட்டாதீங்க தம்பி. அதுபாட்டுக்கு அறுக்கட்டும்."

முதல் இழுப்பு, ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஒன்றுமில்லை.

மூன்றாவது இழுப்பில் இருமியது. நின்றது. காண்ட்ராக்டர் தலையை ஆட்டத் தொடங்கினார். மகள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நீலப் புகை ஒரு கொத்தாகக் கிளம்பி, காற்றோடு சேர்ந்து வீட்டைப் பார்த்துப் போனது.

அவள் திரும்பினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

மரம் பிடிவாதமாகத்தான் இருந்தது. நடுத்தண்டை அறுக்கும்போது இரண்டு தரம் ரம்பம் மூச்சுத் திணறியது. நெட்டை கை காட்ட, தம்பி நிறுத்தி ஆற விட்டான். துண்டுகளை ஆட்கள் உருட்டி மதிலோரம் ஒதுக்கினார்கள். கடைசித் துண்டு நகர்ந்ததும் டிரைவர் பாய்ந்து ஏறி வண்டியைப் பின்பக்கமாகவே உள்ளே கொண்டுவந்தான்.

அவள் கை கழுவ உள்ளே போனாள். அதே வாஷ்பேசின். குழாயைத் திறக்க ஒரு கணம் கை வரவில்லை. பின்னால் அம்மா வந்து நின்றாள்.

"நீ மறந்துட்டியா?"

"ஆமாம்மா."

"கலக்க மறந்துட்ட?"

"ஆமாங்கறேன்ல."

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதோ கேட்கப் போனவள், வெளியே "தூக்கலாமா?" என்று குரல் வந்ததும் அப்படியே திரும்பிப் போனாள்.

மயானத்திலிருந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. குளித்துவிட்டு வந்த தம்பி கடையின் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தான். ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அவன் உள்ளங்கைகளில் கொப்புளங்கள்.

"காலையில கத்திட்டேன்."

"பரவால்லடா. கை எரியுதா?"

"எரியுது." கையை ஊதிக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா, கடையை விட்டுடலாம்."

அவள் துணியை நிறுத்தினாள்.

"உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா இது அப்பா கையை நம்பி நடந்த கடை. வர்றவன் மிஷினுக்கா வர்றான்? அவரு கலந்த பெட்ரோலுக்கு வர்றான். காண்ட்ராக்டர் மயானத்துலயே என்கிட்ட சொல்லிட்டாரு. 'உங்கக்கா நல்ல பொண்ணுதான், ஆனா என் பன்னண்டு மிஷினையும் அது கையில குடுக்க எனக்குத் தைரியம் இல்ல'ன்னு. ஊரே பாத்துச்சே. நாளைக்கு ஒருத்தன் மிஷின் சிக்கினா என்ன பதில் சொல்லுவ? நெட்டைகிட்டக் கேட்டேன், எடுத்து நடத்தறியான்னு."

"என்ன சொன்னாரு?"

"'அக்காவைக் கேளுங்க'ன்னான். வேற எதுவும் சொல்லல."

அவள் பெஞ்சைப் பார்த்தாள். பாட்டில்கள், பிளக்குகள், அப்பாவின் மூக்குக் கண்ணாடி. வேறு வேலை அவளுக்குத் தெரியாது. வேறு இடம் அவளுக்கு இல்லை. ஒரு வரி சொன்னால் போதும், கடை அவளுக்கே நிலைத்துவிடும். 'நான் மறக்கலடா, அப்பாதான்.' வாய் வரைக்கும் வந்தது. இன்று காலை தெருவே சொன்னது காதில் கேட்டது: அண்ணனாவது, மறக்கறதாவது. மனிதர் எரிந்து இன்னும் சூடுகூட ஆறவில்லை.

"உன் இஷ்டம்டா," என்றாள்.

"அப்படின்னா நான் நாளைக்கே..."

ஷட்டர் கிறீச்சிட்டது. அம்மா குனிந்து உள்ளே வந்தாள். பெட்ரோல் நெடி ஒத்துக்கொள்ளாது என்று இத்தனை வருஷத்தில் வாசற்படி தாண்டாதவள். இருவரும் எழுந்துவிட்டார்கள்.

"என்னம்மா, கூப்பிட்டிருந்தா நாங்க வந்திருப்போம்ல?"

அம்மா பெஞ்சைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். காலையில் தம்பி எடுத்துப் போன பெரிய கேன் மூலையில் கிடந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி வந்து மகளுக்கு எதிரே வைத்தாள். ஆயில் பாட்டிலைத் தேடி எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அளவுக் கப்பைப் புடவைத் தலைப்பால் துடைத்து, கேன் மூடியின் மேல் கவிழ்த்தாள். எதையோ சரிபார்ப்பதுபோல் அதைச் சற்று நகர்த்தினாள்.

"என்னம்மா இது?" என்றான் தம்பி.

மகள் கப்பைப் பார்த்தாள். பின்பக்கம், சரியாக மூடாத குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"'என் கணக்கு மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு, அவளே கலக்கட்டும்'னு என்கிட்ட சொல்லித்தான்டா உங்கப்பா தினமும் இப்படி வெச்சுட்டுக் கை கழுவப் போவாரு."